ஈராசிரியர் பள்ளிக்கு ஒரு மேற்படிப்பு

அறுபது பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் ஊர்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளிக் கிடப்பவை. அங்கே இந்தக் கணக்கின் பொருள், ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர் என்பதுதான். ஒருவர் பயிற்சிக்கென்று கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவிட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில்.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. மூன்று வகுப்புகள் சேர்ந்து உட்காரும் அறையில், வகுப்புக்கு மூன்று நிலை. அடுத்த அரை மணி நேரத்தில் யாருக்கு எழுத்து வேலை, யாருக்குக் கணக்கு, ஆசிரியர் யார் பக்கத்தில் உட்காருவது? கலைத்திட்டமும் கற்பித்தலும் என்ற துறை இருப்பதே இத்தகைய கேள்விகளுக்காகத்தான். ஆனால், இந்த மலையின் வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ பணிபுரியும் ஓர் ஆசிரியர் அதை மேற்படிப்பாகப் படிக்க நினைத்தால் இன்றைக்கு வழி குறுகல்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்கான எம்.எட். படிப்பை இரண்டாண்டு ஆக்கின. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் இரண்டு ஆண்டு விடுப்பில் போனால் அந்தப் பள்ளியின் கதி என்ன? அதோடு, உயர்கல்வித் தகுதிக்குத் தரப்பட்ட ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் தமிழக அரசு ரத்து செய்தது. பட்டத்தை வாங்கிச் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார்களே தவிர வகுப்பறை மாறவில்லை என்று அப்போது பேசப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசிரியர்களின் மனப்பான்மை குறித்து நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து, விழுக்காடு போட்டு முடித்த ஆய்வேடுகள் எத்தனையோ. ஆனால், கோளாறு படிப்பில் இருந்தது. சரிசெய்திருக்க வேண்டியதும் அதைத்தான். ஊதிய உயர்வை வெட்டியதன் மூலம், படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிவிட்டோம். இது தவறு. இப்போது 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் மூத்த ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். பள்ளி முடிந்த பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரமும் கொள்குறி வினாக்களுக்குப் போகிறது.

படிப்பை வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. எம்.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பெயர்களில் ஒன்று ரால்ஃப் டைலர். நோக்கம் என்ன, அதற்கு எந்த அனுபவங்களைத் தருவது, எப்படி அடுக்குவது, நிறைவேறியதா என்று எப்படி அறிவது என்னும் நான்கு கேள்விகளை அவர் 1949இல் நூலாக்கினார். அதற்கு முன்பே, 1936 கோடையில் அமெரிக்காவின் ஒஹாயோவில் பள்ளி ஆசிரியர்கள் தத்தம் வகுப்பின் சிக்கலோடு வந்து உட்கார்ந்து, அதையே ஆராய்ந்த பயிலரங்கை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கு, ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளி அனுபவத்தைப் பார்த்துக் கற்றல் அட்டைகளை உருவாக்கியவர்கள் ஆசிரியர்களே.

கல்வராயனில் அப்படி ஆராய என்ன இருக்கிறது? நிறைய. வேலை தேடி வெளியூர் போகும் பெற்றோர் சில சமயம் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பும் நான்காம் வகுப்புப் பிள்ளை கழித்தலோடு விட்டுப்போயிருக்கும். வகுப்பு வகுத்தலுக்குப் போயிருக்கும். நம் பருவத் திட்டமோ எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் வருவதாக எண்ணி எழுதப்பட்டது. விட்ட இடத்திலிருந்து ஒரு பிள்ளை மறுபடி ஒட்டிக்கொள்ளும்படி கணக்குப் பாடத்தை எப்படி அடுக்குவது? படியால் சாமை அளப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு லிட்டரையும் கிலோவையும் எங்கிருந்து தொடங்குவது? இவை இரண்டு ஆண்டு ஆய்வுக்குத் தகுதியான கேள்விகள். கேட்கத் தகுதியானவர் அந்த வகுப்பில் நிற்பவர்.

1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. இன்றும் பள்ளிக்கல்வித் துறை, பழங்குடியினர் நலத் துறை, வனத் துறை என்று வெவ்வேறு துறைகளின் பள்ளிகள் அருகருகே நடக்கின்றன. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நேர்ந்த விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலையைக் கேள்வி கேட்டது. சாலை, மருத்துவமனை, கட்டடம் எல்லாம் வரட்டும். கட்டடத்துக்குள் நடப்பதை மேம்படுத்த, அங்கேயே நின்று நிலைக்கும் ஆசிரியர் தேவை.

பணியில் இருப்போருக்குப் பகுதிநேர எம்.எட். என்னும் யோசனை தேசிய அளவிலேயே 2025இல் முன்வைக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அதைக் கையில் எடுக்க வேண்டும். விடுமுறைகளில் வெள்ளிமலையில் வகுப்பு, தமிழில் பாடம், பள்ளிக்கே வந்து பார்க்கும் வழிகாட்டி, வினாநிரல் ஆய்வேட்டுக்குப் பதிலாகப் பல்வகுப்பு அறைக்கான ஒரு பருவத் திட்டமும், அது பலித்ததா என்று காட்டும் பிள்ளைகளின் நோட்டுகளும். மூன்று துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் உட்காரட்டும். இதை முடிப்பவர்களுக்காவது ஊக்க ஊதிய உயர்வை அரசு மீண்டும் வழங்க வேண்டும். முதல் அணியைக் கல்வராயனிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.