ஓரடியின் மறுமொழி

சந்தையில் மட்குடம் கொள்வோர் அதனை விரலால் ஒருமுறை தட்டிச் செவிசாய்ப்பர். ஓசை கணீரென எழுந்து மெல்ல அடங்குமாயின் நற்குடம்; கரகரப்பாயின் விரிசலுடையது. கணத்தில் விழுந்தொழியும் ஓரடியால் ஒரு பொருளின் இயல்பு வெளிப்படுகின்றது. கணித நூலார் கணத்தாக்கு மறுமொழி என்பதும் இத்தகையதே.

ஆயினும், இதனைக் கற்கும் மாணவர் பலர் லாப்லாசு உருமாற்ற அட்டவணையை நெட்டுருச் செய்து விடையெழுதுவதோடு அமைகின்றனர். இஃது உரையறியாது நூற்பாவை மட்டும் மனனஞ் செய்வது போலும். பொருளை முன்னரும் அட்டவணையைப் பின்னரும் கற்பித்தலே தக்கதென்பது எம் கருத்து.

சான்றொன்று காண்போம். ஓய்ந்திருக்கும் ஓரமைப்பின் முடுக்கம், வேகத்தின் இருமடங்கு, இடப்பெயர்ச்சியின் ஐம்மடங்கு ஆகியவற்றின் கூட்டுத்தொகை புறத்தாக்குக்குச் சமம் என்க. ஓரலகுக் கணத்தாக்கின் உருமாற்றம் 1 என்னும் எண்ணேயாதலின், மறுமொழியின் உருமாற்றம் 1/(ச² + 2ச + 5) ஆகும். கீழுள்ளதனை (ச + 1)² + 4 எனத் திருத்தி நேர்மாறு உருமாற்றங் காணின், நொடிக்கு 2 ரேடியன் வீதம் அசைந்து, வீச்சு வரவரக் குறைந்து அடங்கும் ஒரு சைன் அலை கிடைக்கும். 4இன் வருக்கமூலம் அசைவின் விரைவையும், ச உடன் கூடிய 1 அடங்கும் விரைவையும் உணர்த்துகின்றன. 2ச என்பதன் முன் கழித்தற்குறி நிற்குமாயின், அசைவு அடங்காது பெருகி அமைப்பையே சிதைக்கும். ஒரு குறியில் இத்துணை வேறுபாடு! இதனை உணராதான் ஒரு பாலம் சமைக்கப் புகுவானாயின் விளைவு யாதாம்?

மேலும், எத்தகைய புறத்தாக்கும் அடுத்தடுத்து விழும் சிற்றடிகளின் தொடரெனக் கொள்ளத்தகும். தாக்குகள் கூடின் மறுமொழிகளும் அவ்வாறே கூடுதல் நேரியல் அமைப்பின் இயல்பு. அவ்வமைப்பு காலத்தால் மாறாததுமாயின், ஓரடியின் மறுமொழியை அறிந்தார் பிற தாக்குகளின் மறுமொழியையும் கணித்தறிவர்.

இம்முறைக்கு வழிவகுத்தோருள் ஒருவரான ஆங்கிலேயர் ஆலிவர் ஹெவிசைடு (1850–1925) 16ஆம் வயதிற் பள்ளியை விட்டவர். தந்தித் தொழில் செய்தவர். மின்னோட்டத்தின் இயல்பை உணர்ந்து அவர் கையாண்ட செயலிக் கணிதத்திற்கு நிறுவல் போதாதென்று கணிதர் குறைகூறினர். பிராம்விச் என்பார் 1916இல் அதற்கு உறுதியான அடிப்படை காட்டினார். பொருளுணர்வு முந்த, நிறுவல் பிந்திற்று. நிறுவல் வேண்டாவென்பதன்று எம் கருத்து. பொருளில்லாத விடை பயனற்றதென்பதே.

இந்நாளிற் கணிப்பொறி நேர்மாறு உருமாற்றத்தை நொடியிற் கண்டு தருகின்றது. ஆதலின் மாணவர்க்கு எஞ்சுவது விடையின் பொருளை உணரும் அறிவேயாம். தேர்வுத்தாளில் விடையோடு அதன் பொருளையும் ஒரு தொடரில் எழுதுமாறு கேட்டல் நலம். ஆசிரியர் இதனைக் கருதுவாராக.