சைலன்சருக்கு ஒரு லட்சம், டயருக்கு யோசனையா? பெரிய பைக்கில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

களியக்காவிளை பக்கம் பெரிய பைக் வைத்திருப்பவர்களிடம் ஒரு நினைப்பு உண்டு. சைலன்சரை மாற்றினாலும், நம்பர் பிளேட்டை மடக்கி வைத்தாலும் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பாறசாலை தாண்டினால்தான் மாட்டிக்கொள்வோம் என்பதே அது. பாதிதான் உண்மை. கேரள மோட்டார் வாகனத் துறை கறார்தான். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் 'இ புல் ஜெட்' யூடியூபர்களின் மாற்றியமைக்கப்பட்ட வேன் பிடிபட்டதை மலையாள சேனல் பார்க்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சட்டத்துக்கு பார்டர் கிடையாது. டி.என். 75 வண்டிக்கும் கே.எல். 19 வண்டிக்கும் 1988-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகனச் சட்டம்தான். ஆர்.சி.யில் உள்ள விவரம் நிறுவனம் தயாரித்த வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. கேரளாவிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் முறையே ரூ.10,000 வரை அபராதம் தனி. தமிழ்நாட்டில் கேட்க ஆளில்லை என்பதும் சரியில்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்குப் போனது.

சரி, போலீஸை விடுங்கள். காசுக் கணக்கைப் பார்ப்போம்.

கவாஸாகி நிஞ்ஜா 1100 எஸ்எக்ஸ் மாதிரி ஒரு ஸ்போர்ட் டூரரை எடுத்துக்கொள்ளலாம். 1,099 சிசி, 136 குதிரைத் திறன். 2024 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ் ஷோரூம் விலை ரூ.13.49 லட்சம். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்கு முன் செஸ் சேர்த்து 31 சதவீதம்தான். தமிழ்நாட்டில் சாலை வரி 12 சதவீதம். இவ்வளவும் கட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரமே 'சவுண்ட் பத்தல' என்று புது எக்ஸாஸ்டுக்கு இன்னொரு லட்சத்தை எடுத்து வைப்பது என்ன கணக்கு?

முழு எக்ஸாஸ்ட் மாற்றும்போது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும். இசியுவை மறுபடி ட்யூன் செய்ய வேண்டிவரும். வாரன்டி சிக்கலாகும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் க்ளெய்மை மறுக்கவும் வாய்ப்பு உண்டு. இத்தனைக்கும் கிடைப்பது கூடுதலாகச் சில குதிரைத் திறன்; களியக்காவிளை சந்தை நெரிசலிலும் ஜல்லி லாரிகளுக்கு நடுவிலும் அது எதற்கும் உதவாது.

அந்தத் திறனைச் சோதிக்க ஆசைப்படுகிறவர்கள் போகும் இடம் தெரிந்ததே. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நீளும் கேரள பைபாஸ், களியக்காவிளைக்குப் பக்கத்தில்தான் முடிகிறது. 2023 ஜனவரியில் கோவளம் அருகே அதே பைபாஸில் வேகமாக வந்த ஒரு சூப்பர் பைக் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். ஓட்டிய இளைஞரும் பிழைக்கவில்லை. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது வண்டி. கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 33 மீட்டர் போயிருக்கும். அதன் பிறகு நிற்க ஆகும் தூரம், 60-ல் ஆவதைப் போல நான்கு மடங்கு.

அதனால் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் டயரில் தொடங்கலாம். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஈரத்தில் பிடிக்கும் நல்ல ஸ்போர்ட் டூரிங் டயர் ஒரு ஜோடி, அந்த எக்ஸாஸ்ட் விலையில் பாதிக்குள் வந்துவிடும். நிறுவனம் சொன்ன அளவிலேயே வாங்க வேண்டும். அகலமான டயர் பார்க்க கெத்தாக இருக்கும், வளைவில் வண்டி மடங்காது. அடுத்தது பிரேக் பேட், உடம்புக்கு ஏற்ற சீட், நல்ல ஹெல்மெட், ஜாக்கெட். தலா 28 லிட்டர் பக்கப் பெட்டிகளை கவாஸாகியே விற்கிறது. நிறத்தை மாற்ற ஆசை என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிவிடலாம்.

பலர் மறக்கிற விஷயம், காசே தராமல் செய்யும் மாற்றங்கள். முன் கண்ணாடியின் உயரம், பின் சஸ்பென்ஷனின் இறுக்கம் இரண்டையும் இந்த வண்டியில் கையாலேயே மாற்றலாம். பின்னால் ஆளும் பெட்டியும் ஏறும்போது அந்தக் குமிழைத் திருப்பாமல் திருவனந்தபுரம் வரை குதித்துக்கொண்டே போய்விட்டு, 'சஸ்பென்ஷன் சரியில்ல' என்று புதுசு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சேலை கார்டு பார்க்க அசிங்கம் என்று முதல் நாளே கழற்றிவிடுகிறார்களே, அதுவும் விதிமீறல்தான். பின் இருக்கை உள்ள பைக்கில் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. எக்ஸாஸ்டை ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். பரணில் இருக்கட்டும். வண்டியை பாறசாலைக்காரர் ஒருவருக்கு விற்று, அந்தப் பக்கம் மறுபதிவுக்காக வண்டியைக் காட்டும் நாளில் அது தேவைப்படும்.