ஓட்டம் பாதி, ஓய்வு பாதி!

வேகமாக ஓட வேண்டும், பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கிடைக்கும் பயிற்சி என்ன? "மைதானத்தை 10 தடவை சுற்றி வா!" என்பதுதான்.

பிள்ளை ஓடுகிறான். மூச்சு இரைக்கிறது. நாக்கு வறள்கிறது. கால் தள்ளாடுகிறது. "விடாதே, ஓடு! களைத்தால்தான் பலம் வரும்" என்கிறார்கள் பக்கத்தில் நிற்பவர்கள்.

அவர்கள் எண்ணம் நல்லதுதான். வழிதான் தவறு. நெடுநேரம் மெதுவாக ஓடினால் தம் பிடிக்கும் சக்தி வரும், அதுவும் தேவைதான். ஆனால் வேகம் வராது. வேகமாக ஓடிப் பழகினால்தான் வேகம் வரும். களைத்த காலால் வேகமாக ஓட முடியுமா? முடியாது. ஆகவே, வேகம் வேண்டுமானால் ஓய்வும் வேண்டும்.

கிணறும் காலும்

ஊற்றுக் கிணற்றில் மளமளவென்று இறைத்தால் தண்ணீர் கீழே போய்விடும். சற்றுப் பொறுத்தால் மறுபடியும் ஊறும். பொறுக்காமல் இறைத்தால் சேறுதான் வரும்.

காலும் அப்படித்தான். உடனடி வேலைக்கென்று தசைக்குள் கொஞ்சம் சக்தி சேர்ந்திருக்கிறது. முழு வேகத்தில் ஓடினால் சில வினாடிகளில் அதில் பெரும்பகுதி செலவாகிவிடும். மறுபடியும் ஊறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும்.

ஆகையால் வேகப் பயிற்சிக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு 30 அல்லது 40 மீட்டர் தூரம் முழு வேகத்தில் ஓட வேண்டும். அப்புறம் 2, 3 நிமிடம் நடக்க வேண்டும். மூச்சு அடங்கிய பிறகு மறுபடியும் ஓட வேண்டும். இப்படி 5, 6 தடவை ஓடினால் போதும். வேகம் குறைவது தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். மறுநாள் கடும் ஓட்டம் கூடாது.

போல்ட்டும் தளர்ந்தார்!

2009-ம் ஆண்டு பெர்லின் நகரில் ஜமைக்கா வீரர் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அந்த ஓட்டத்தை 20 மீட்டர், 20 மீட்டராகப் பிரித்து அளந்தார்கள். 60-வது மீட்டரிலிருந்து 80-வது மீட்டர் வரை ஓட அவருக்கு 1.61 வினாடி ஆயிற்று. கடைசி 20 மீட்டருக்கோ 1.66 வினாடி!

போல்ட்டுக்கே கடைசியில் வேகம் குறைந்தது. மற்றவர்களைக் கேட்பானேன்? கடைசியில் யாருக்கு வேகம் குறைவாகக் குறைகிறதோ, அவருக்கே வெற்றி. இதுதான் வேகம் தாங்கும் சக்தி. இதை வளர்க்க, வளர்ந்த வீரர்கள் 120, 150 மீட்டர் தூரத்தை ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுகிறார்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே நெடுநேரம் இளைப்பாறுகிறார்கள்.

இதெல்லாம் அற்ப விஷயமா? 1984-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி முடித்தார். வெண்கலப் பதக்கம் வாங்கிய ருமேனியப் பெண் ஓடிய நேரம் 55.41 வினாடி. வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு! கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு!

மலை ஏறிய மாணவர்

ரோஜர் பானிஸ்டர் லண்டனில் டாக்டருக்குப் படித்த மாணவர். 1 மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது அவர் லட்சியம். அதுவரை உலகில் யாரும் அப்படி ஓடியதில்லை.

கால் மைல் தூரத்தை 10 தடவை ஓடுவார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 2 நிமிடம் இளைப்பாறுவார். ஒரு மைல் ஓடுகிறவருக்கு இப்படிக் குறைந்த ஓய்வு. குறுகிய தூரம் பாய்கிறவருக்கு நீண்ட ஓய்வு. எதற்கு எவ்வளவு என்று கணக்கு உண்டு.

கால் மைலுக்கு 66 வினாடி என்பது 61 வினாடி ஆயிற்று. அதற்கு மேல் குறைய மறுத்தது. பானிஸ்டர் என்ன செய்தார்? இன்னும் கடுமையாக ஓடினாரா? இல்லை! ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, நண்பருடன் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாட்கள் மலை ஏறினார். திரும்பி வந்து ஓடினார். 59 வினாடி!

பந்தயத்துக்கு முந்திய சில நாட்களும் ஓய்வுதான். 1954-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஆக்ஸ்போர்டில் 3 நிமிடம் 59.4 வினாடியில் ஒரு மைலை ஓடி முடித்தார். உலகமே வியந்தது.

திரும்பவும் தெரிய வேண்டும்

நேராக ஓடினால் மட்டும் போதாது. கபடி ஆடுகிறவன் பாய வேண்டும். சட்டென்று நிற்க வேண்டும். எதிரியின் அசைவைக் கண்டு நொடியில் திரும்ப வேண்டும். இந்தச் சுறுசுறுப்பு காலில் மட்டும் இல்லை. கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது. தொட்டுப் பிடித்தலும் கிளித்தட்டும் இதற்கு நல்ல பயிற்சி. செலவும் இல்லை. இதற்கும் களைப்பு ஆகாது. களைத்தவன் சட்டென்று திரும்பினால் கால் பிசகும்.

தண்டனையா ஓட்டம்?

தாமதமாக வந்தால் ஓடு, சத்தம் போட்டால் ஓடு என்று தண்டனை கொடுப்பவர்களும் உண்டு. ஓட்டம் என்றாலே பிள்ளை வெறுக்கும்படி செய்யலாமா? வளரும் பிள்ளைக்கு முழங்காலும் குதிகாலும் வலித்தால் அது சாக்கு அல்ல. உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. வலியோடு ஓட விட்டால், நாளைக்கு வீரனாக வேண்டியவன் இன்றைக்கே மைதானத்தை விட்டுப் போய்விடுவான். பெண் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

டிரில் மாஸ்டர்கள் சுற்றுகளை எண்ணுவதைக் குறைத்து, வினாடிகளை எண்ணட்டும். ஓட்டத்துக்கு ஒரு கணக்கு வைத்தால், ஓய்வுக்கும் ஒரு கணக்கு வைக்கட்டும். பெற்றோர்களும் பிள்ளை வீடு திரும்பியதும், "எத்தனை சுற்று ஓடினாய்?" என்று கேட்க வேண்டாம். கால் வலிக்கிறதா என்று கேட்கட்டும். வயிறாரச் சோறு போட்டு, நேரத்தோடு தூங்க வைக்கட்டும். நாளைய வேகம் அந்தத் தூக்கத்தில்தான் ஊறுகிறது.