ஆணையிலும் ஆண்டவன் கட்டாயமா?

அமைச்சரவை பொறுப்பேற்கும் நாள் வந்துவிட்டால், ஆலங்குளம் காய்கறிச் சந்தையிலும் ஒரு கணக்கெடுப்பு நடந்தேறும். கத்தரிக்காய் மூட்டையை இறக்கியபடியே கேட்பர்: கடவுள் பெயரால் ஆணையிட்டவர் எத்தனை பேர், ‘உளமார’ உறுதி கூறியவர் எத்தனை பேர்? கேட்பதில் தவறில்லை. ஆனால், உளமார என்றவனின் நாட்டுப்பற்றையே ஐயுறும் பேச்சொன்று அதனைத் தொடர்ந்து வருகிறதே, அதைத்தான் மறுக்கிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே வழிவிட்டிருக்கிறது. சட்டம் தந்த உரிமையைக் கையாண்டவன் எங்ஙனம் குற்றவாளியாவான்?

அமெரிக்காவைப் பாரீர் என்பர். பார்ப்போம்! அந்நாட்டுக் கொடி வணக்க உறுதிமொழியை 1892இல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி, பாப்டிஸ்ட் சபைப் பாதிரியார். பாதிரியார் எழுதிய அவ்வாசகத்தில் ஆண்டவன் இல்லை. 62 ஆண்டுகள் கழித்து, 1954 ஜூன் 14இல், ஐசனோவர் கையொப்பத்தோடுதான் ‘கடவுளின் கீழ்’ எனும் சொற்கள் அதில் நுழைந்தன. பக்தி பெருக்கெடுத்ததாலா? அன்று, அன்று! சோவியத் நாட்டோடு பனிப்போர் மூண்டிருந்த காலம். கம்யூனிஸ்டுக்குக் கடவுள் இல்லை, எமக்கு உண்டு என்று உலகுக்குக் காட்டும் அரசியல் அது. ஆண்டவனையே கேடயமாக்கினர்!

நம் நாட்டிலும் அம்முயற்சி நடந்தது. 1949 அக்டோபர் 17இல், அரசியல் நிர்ணய சபையில், முகப்புரை ‘கடவுளின் பெயரால்’ எனத் தொடங்கட்டும் என்றார் எச்.வி. காமத். எதிர்த்தோருள் ஒருவர் பட்டம் தாணுப்பிள்ளை. 1954இல் அவர் ஆட்சியில், திருவிதாங்கூர்த் தமிழர்மீது குண்டு பாய்ந்ததைத் தென்கோடித் தமிழன் மறப்பானல்லன். பக்கத்துச் செங்கோட்டை நம்மோடு சேர்ந்ததே 1956இல்தான். எனினும் அன்று அவர் உரைத்தது நீதி. நம்புவதும் நம்பாமையும் அவரவர் உரிமை, அதில் கட்டாயம் கூடாது என்றார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் வீழ்ந்தது. அந்த 68 பேரும் நாத்திகர்தாமோ?

1963இல், பிரிவினை பேசிய நம் கழகத்தை நோக்கியே 16ஆவது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற சொற்கள் உறுதிமொழியில் ஏறின. அப்போதும் ‘உளமார’ எனும் வழியை அடைக்க டில்லி துணியவில்லை. 1967 மார்ச் 6இல் அவ்வழியேதான் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார்.

கடவுள் பெயரைக் கட்டாயமாக்கு என்போரை ஒன்று கேட்கிறோம். எந்தக் கடவுள்? குற்றாலநாதரா, ஊர் எல்லையில் நிற்கும் சுடலைமாடனா, பள்ளிவாசலில் தொழப்படுபவரா, தேவாலயத்தில் துதிக்கப்படுபவரா? படைத்தவன் என ஒருவனை ஏற்காத சமணனும் பௌத்தனும் இந்நாட்டுக் குடிகள் அல்லரோ? முதலில் அதற்கு விடை தரட்டும்!