சிங்கத்தின் பேரேடு

நான் படித்தது பி.காம். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். பேரேட்டைப் பார்த்தால் சுற்றாது. ரத்தமே ஒரு பேரேடுதான் என்று தெரிந்த பிறகு இந்த ஆப்பிரிக்க சமாசாரம் பிடித்துவிட்டது.

நமீபியாவில் எட்டோஷா என்று ஒரு தேசியப் பூங்கா. அநேகமாக ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிகிற சமயத்தில் அங்கே வரிக்குதிரைகள் பொத் பொத்தென்று விழுந்து சாகும். காரணம், ஆந்த்ராக்ஸ். நம்மூர் கால்நடை டாக்டர் 'அடைப்பான்' என்பார். 2001-ல் அமெரிக்காவில் தபாலில் வந்து ஐந்து பேரைக் கொன்றதே, அதே பாக்டீரியாதான்.

உடம்பை விட்டு வெளியே வந்தால் இந்தக் கிருமி கெட்டியாக ஓடு போட்டுக்கொண்டு மண்ணில் படுத்துவிடும். பத்து இருபது வருஷம் ஆனாலும் அழியாது. ஃபிக்ஸட் டெபாசிட்! செத்த வரிக்குதிரை உரமாகி, அந்த இடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று வளரும். அதைத் தேடி மற்ற வரிக்குதிரைகள் வந்து மண்ணும் புல்லுமாக மேயும். இதுதான் வட்டி.

சரி, செத்த வரிக்குதிரையை யார் சாப்பிடுகிறார்கள்? சிங்கம், கழுதைப்புலி, நரி. கறி முழுக்கக் கிருமி. ஆனாலும் ஒரு கட்டு கட்டிவிட்டு, ஏப்பம் விட்டபடி போய்க்கொண்டே இருக்கின்றன. எப்போதாவது ஒரு சிங்கம் முகம் வீங்கிச் சாவதுண்டு. மற்றபடி ஒன்றும் ஆவதில்லை.

செத்ததை மட்டும் எண்ணினால், 'சிங்கத்துக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் சம்பந்தமில்லை' என்று கணக்கை மூடிவிடலாம். விஞ்ஞானிகள் மூடவில்லை. உயிரோடு இருக்கும் மிருகங்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபாடி! கிருமி வந்தது, சண்டை நடந்தது, சிங்கம் ஜெயித்தது என்று உடம்பே எழுதிவைத்த என்ட்ரி. எட்டோஷாவில் மட்டுமல்ல, தான்சானியாவின் செரங்கெட்டியிலும் இதே கதைதான். ஒரு வட்டாரத்தில் ஆந்த்ராக்ஸ் நடமாடுகிறதா என்று தெரிய, அங்கே உள்ள சிங்கத்தின் ரத்தத்தைக் கேட்டால் போதும். ஊசியோடு அதன் பக்கத்தில் போவது யார் என்பது வேறு விஷயம்.

மாட்டிக்கொள்வது சிவிங்கிப்புலி. 2022-ல் விமானம் ஏறி நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசம் குனோவுக்கு வந்தாரே, அவரேதான். ரொம்ப ஆசாரம். தானே ஓடிப் பிடித்ததை மட்டும் சுடச்சுடச் சாப்பிடுவார். அடுத்தவர் மிச்சத்தைச் சீந்தமாட்டார். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமி பழகும் வாய்ப்பே இல்லை என்கிறார்கள். என்றைக்காவது நோயில் தள்ளாடும் மிருகம் ஒன்று சுலபமாக அகப்பட்டால், அத்தோடு ஆள் காலி.

'அப்படியானால் பிளாட்பாரக் கடைதான் உடம்புக்கு நல்லது, சார்!' என்று ரூமில் நண்பன் துள்ளுகிறான். கொஞ்சம் பொறுங்கள். 2023 அக்டோபரில் ஜாம்பியாவின் சினசோங்வே பகுதியில் செத்துக் கிடந்த மூன்று குடு மான்களின் கறியை ஊர்க்காரர்கள் சாப்பிட்டார்கள். முகம், கை, விரலெல்லாம் புண். நோய் பல மாகாணங்களுக்குப் பரவி, நவம்பர் 20-க்குள் சந்தேகக் கேஸ்கள் 684, மரணம் 4. கறிக்கு வழியில்லாத வீட்டில், கிடைத்த கறிக்கு யார் சர்டிபிகேட் கேட்பார்கள்? அவர்கள் சிங்கமில்லை. அவ்வளவுதான்.

சிங்கத்தின் கணக்கிலும் ஆடிட்டர் ஆட்சேபணை ஒன்று உண்டு. ரத்தம் கொடுத்ததெல்லாம் பிழைத்தவை. தோற்றுப்போன குட்டிகளுக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே கிடையாது.

'அந்தக் காலத்தில் வாய்க்கால் தண்ணியத்தான் குடிச்சோம், கல்லு மாதிரி இருக்கேன் பாரு' என்று திண்ணையில் ஒரு தாத்தா சொல்வாரே, அவரிடம் அடுத்த முறை மரியாதையாக ஒன்று கேளுங்கள்.

"தாத்தா, உங்ககூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?"