வெளியூராருக்குப் பூட்டிய துவிச்சக்கர வண்டிகள்



பொதுஜனங்களின் உபயோகத்துக்கென்று பிரகடனம் செய்யப்பட்டு, பொதுவீதியின் ஓரத்திலே பொதுநிலத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் வாடகைத் துவிச்சக்கர வண்டிகள், நகருக்கு வந்திறங்கும் வெளியூர்ப் பிரயாணியின் கைக்கு மட்டும் எட்டாதவாறு பூட்டிவைக்கப்பட்டிருப்பது எவ்வகையிலும் நியாயமன்று என்பதைத் தங்கள் பத்திரிகையின் வாயிலாகத் தமிழகத்து மாநகராட்சி அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இலங்கையில் பெல்மதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் எங்களுக்குத் தமிழகம் உல்லாசப் பிரயாணம் போய்வரும் அந்நிய தேசமன்று. 1964 ஆம் ஆண்டில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தினால், ஒரே லயக் குடியிருப்பில் பிறந்து, ஒரே கொழுந்து மடுவத்தின் வாசலில் விளையாடி வளர்ந்த சகோதரர்களில் ஒருவர் இங்கேயும் மற்றவர் கூடலூரிலோ கோத்தகிரியிலோ திருச்சியிலோ என்று பிரிக்கப்பட்ட குடும்பங்கள் எங்களுடையவை; ஆகையால், கலியாணம் என்றும் கருமாதி என்றும் நோயாளியைப் பார்ப்பதென்றும், பல வருஷங்களுக்கொரு முறையேனும், சேமித்த பணத்தைத் திரட்டிக்கொண்டு அங்கே போய்வருகிறோம். அப்படிப் போகிறவர் நட்சத்திர விடுதியில் தங்குவதில்லை. நகரத்தின் எல்லைப்புறத்திலே உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்தெழுந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் ரயில் நிலையத்துக்கும் கடைவீதிக்கும் அலைகின்றவர், ஆட்டோவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் இலங்கைக் காசில் கணக்குப் பார்த்தே கொடுக்கவேண்டியவர். அத்தகைய ஒருவருக்கு, சொற்ப வாடகையில் ஒரு துவிச்சக்கர வண்டி கிடைக்குமாயின் அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

அண்மையில் அங்குள்ள நகரமொன்றிலே அவ்வகை வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டு, ஒன்றை எடுக்க முயன்றேன். கைத்தொலைபேசியில் அதற்குரிய செயலியை இறக்கிக்கொள்ளவேண்டும். பெயரைப் பதிந்தபின் வருகிற இரகசிய இலக்கம் இந்தியத் தொலைபேசி எண்ணுக்குத்தான் வரும். வாடகையை அந்நாட்டு வங்கிக் கணக்கின் மூலமே செலுத்தவேண்டும். என்னிடத்திலே கடவுச்சீட்டு இருந்தது, முறைப்படி பெற்ற விசா இருந்தது, வாடகையைப்போல் பன்மடங்கு ரொக்கமும் இருந்தது. இம்மூன்றில் எதற்கும் அங்கே மதிப்பில்லை. காவலுக்கு நின்றவர் நல்ல மனிதர். "ஐயா, ஃபோன்ல வந்தாத்தான் பூட்டு திறக்கும், காசு வாங்க எனக்கு உத்தரவு கிடையாது" என்று வருத்தத்தோடு சொன்னார். அவரை நான் குறைகூறவில்லை. சகோதரியின் மகன் தன் தொலைபேசியைக் கொண்டு ஒரு வண்டியைத் திறந்துகொடுக்க முன்வந்தான். ஆனால் எந்தத் தொலைபேசி வண்டியைத் திறந்ததோ அதே தொலைபேசிதான் பிரயாணத்தை முடித்துவைக்கவும் வேண்டுமாதலால், அவன் வேலைக்குப் போகாமல் நாள் முழுவதும் என் பின்னே வந்தாலன்றி அந்த உதவியாலும் பயனில்லை என்று தெரிந்தது.

இவ்வித நிர்ப்பந்தம் யந்திரசாஸ்திரத்தின் இயல்பினால் விளைந்ததென்று எவரேனும் சமாதானம் சொல்வாராயின், வாடகைத் துவிச்சக்கர வண்டித் திட்டங்களின் சரித்திரமே அதை மறுக்கும். 1965 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து இளைஞர்கள் சில துவிச்சக்கர வண்டிகளுக்கு வெள்ளை வர்ணம் பூசி, பூட்டின்றித் தெருவில் விட்டபோது, எவரும் எடுத்து எவரும் விட்டுச்செல்லலாம் என்பதே அவர்களுடைய இலட்சியமாக இருந்தது. பூட்டாத வண்டியைத் தெருவில் விடுவது சட்டவிரோதமென்று பொலிஸார் அவற்றைக் கைப்பற்றிக்கொண்டு போனார்கள். முப்பது வருஷங்களுக்குப் பின்னர், 1995 இல், கோப்பன்ஹேகன் நகரம் அந்த இலட்சியத்துக்கு ஒரு காவலையும் சேர்த்தது. வண்டியின் பூட்டிலே 20 குரோனர் நாணயத்தை இட்டால் வண்டி விடுபடும், எந்தத் தரிப்பிடத்திலாவது திரும்பப் பூட்டினால் நாணயம் கைக்கு வந்துவிடும். அந்நகரத்துக் குடிமகனா, அன்று காலையில் கப்பலிலிருந்து இறங்கியவனா என்று அந்தப் பூட்டு விசாரிக்கவில்லை.

இலண்டன் மாநகரத்தின் அனுபவம் இன்னும் பொருத்தமானது. அங்கே 2010 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் திட்டம் ஆரம்பமானபோது, முன்னதாகப் பதிவு செய்துகொண்ட அங்கத்தினர்களுக்கு மட்டுமே வண்டி கிடைத்தது; ஆயினும் அந்நிலைமையை நிரந்தரமாக நீடிக்கவிடாது, அதே வருஷம் டிசெம்பர் மாதத்திலிருந்து, வழியிலே வருகிற எவரும் தரிப்பிடத்து யந்திரத்தில் வங்கி அட்டையைச் செருகி வண்டி பெறலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

கடல்கடந்த உதாரணங்கள் வேண்டாமெனில், தமிழகத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள மைசூரையே பார்க்கலாம். 2017 ஜூன் மாதத்தில், 48 தரிப்பிடங்களும் 450 வண்டிகளுமாக அங்கே ஆரம்பிக்கப்பட்ட 'ட்ரின் ட்ரின்' என்ற திட்டத்திலே, பதிவு நிலையத்துக்கு நேரில் சென்று, அடையாளப் பத்திரத்தைக் காட்டி, திரும்பப் பெறத்தக்க வைப்புப் பணத்தைக் கட்டி, ஓர் அட்டையைப் பெற்றுக்கொள்ளும் வழி வைக்கப்பட்டிருந்தது. அரண்மனையைப் பார்க்கவும் தசராவுக்கும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிகிற நகரம் அது என்பதை உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. ஆனால் 2019 இல் சென்னையில் வாடகைத் துவிச்சக்கர வண்டிகள் வந்தபோது கைத்தொலைபேசிச் செயலியே பிரதான வாயிலாக அமைந்தது. மைசூரின் முன்மாதிரி இவ்வளவு சமீபத்தில் இருந்தும் அதைப் பின்பற்றுவதற்கு மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

களவு போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரு மனிதனுடைய கடவுச்சீட்டின் விவரங்களையும் அவனுடைய ரொக்கப் பணத்தையும் விடவா ஒரு தொலைபேசி எண் பெரிய பிணை? கையடக்கத் தொலைபேசியினால் நம்பிக்கை உறுதிப்படும் என்பதற்கும் அத்தாட்சி இல்லை. கோயம்புத்தூர் வீதிகளிலும் தன் மஞ்சள் வண்டிகளை இறக்கி, 2018 இல் இந்தியாவை விட்டே வெளியேறிய சீனத்து 'ஓஃபோ' நிறுவனத்திடம், அதே வருஷக் கடைசியில், தாங்கள் கட்டிய வைப்புப் பணத்தைத் திருப்பித் தரும்படி கோரிச் செயலியிலே வரிசையில் நின்றவர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள். ஜனங்களை நிறுவனம் நம்புவதற்கு இத்தனை நிபந்தனைகள் விதிக்கிறவர்கள், நிறுவனத்தை ஜனங்கள் நம்புவதற்கு என்ன பிணை வைத்தார்கள்?

அன்றியும், இக்கொடுமை எங்களைப் போன்ற அயல்நாட்டாரோடு நிற்பதன்று. பொத்தான் தொலைபேசி வைத்திருக்கும் கட்டட வேலையாள், வங்கிக் கணக்கைக் கணவன் பெயரிலேயே வைத்திருக்கும் வீட்டுப்பெண், கிராமத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்த முதியவர் ஆகிய எல்லோருமே அந்த வண்டிகளுக்கு முன்னால் வெளியூரார்தாம். சைக்கிள் யாருக்கு அதிகமாகத் தேவையோ அவர்களையே விலக்குகிற ஒரு சைக்கிள் திட்டத்தைப் பொதுத்திட்டம் என்று அழைக்க எனக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

மாற்றுவழி கடினமானதன்று. 2022 ஆம் ஆண்டில் எங்கள் நாட்டிலே எரிபொருள் அற்றுப்போய், இரத்தினபுரி வீதியில் எண்ணெய்க்காக இரவுபகலாக வாகனங்கள் நின்ற காலத்தில், அரசாங்கம் கொண்டுவந்த கியூஆர் அனுமதியைத் திறன்பேசி இல்லாதவர்களும் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டிப் பயன்பெற்றார்கள். பெருந்துன்பத்தின் நடுவிலே அத்தனை எளிதாகச் செய்ய முடிந்ததை, சாவகாசமாகத் திட்டமிடும் மாநகராட்சிகளால் செய்ய முடியாதா? 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியப் பிரயாணி தம் நாட்டு யுபிஐ என்னும் கைத்தொலைபேசிப் பணப் பரிமாற்ற முறையிலேயே இலங்கையில் பணம் செலுத்த வழிசெய்யப்பட்டிருக்கிறது. அதை நாங்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றோம். அதே உபசாரத்தைத்தான் நாங்களும் வேண்டுகிறோம்.

ஆகவே, மாநகராட்சிகள் இனி இத்தகைய திட்டத்துக்கு ஒப்பந்தம் கோரும்போதும் பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும், ரயில் நிலையம், பேருந்து நிலையம், அரசாங்க ஆஸ்பத்திரி ஆகியவற்றை அடுத்த தரிப்பிடங்களிலாவது, எந்நாட்டுக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ காட்டி, ரொக்கமாக வைப்புப் பணம் கட்டி, அட்டையொன்றைப் பெற்று வண்டி எடுக்கவும், ஊர் திரும்பும் நாளில் அதே இடத்தில் அட்டையை ஒப்படைத்துப் பணத்தை மீளப்பெறவும் வழிசெய்யவேண்டுமென்பதை நிபந்தனையாகவே எழுதிச் சேர்க்கவேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ இவ்வகைத் திட்டம் வருமாயின், எங்கள் மாநகர சபைகளிடத்திலும் இதே நிபந்தனையைக் கோருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பெல்மதுளை