கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெயாம்!



கடையில எண்ணெய் பாக்கெட் பார்த்திருப்பீங்க. இதயப் படம் போட்டு 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து. கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடம்பில்தான் அதிகம் உண்டாகிறது. கடலை, எள், சூரியகாந்தி எந்த எண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம். 'எங்க வாழைப்பழத்தில் முள் கிடையாது' என்று கூவி விற்கிற மாதிரிதான் இது.

தாவரத்தில் இருப்பது ஸ்டீரால். பார்க்க கொலஸ்ட்ராலுக்குத் தங்கச்சி மாதிரி அமைப்பு. குடலில் கொலஸ்ட்ரால் உள்ளே ஏறும்போது இது முந்திக்கொண்டு, பஸ்ஸில துண்டு போடுற மாதிரி இடம் பிடித்துவிடும். இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் கழிவோடு வெளியே போய்விடும். தினமும் 2 கிராம் ஸ்டீரால் சாப்பிட்டால் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 10 சதவீதம் வரை குறையுமாம். சந்தோஷம்தான்! ஆனால் 100 கிராம் நல்லெண்ணெயில் 1 கிராம்கூட ஸ்டீரால் இல்லையே. அப்போ தினமும் கால் லிட்டர் எண்ணெய் குடிக்கணுமா? அதோடு, ஸ்டீரால் மாரடைப்பைத் தடுக்கும் என்று இன்னும் நிரூபிக்கவும் இல்லை.

எங்க தெருப் பெரியம்மா ஒருத்தங்க டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டாங்க. கேட்டால், "அதான் கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் வாங்குறேனே கண்ணு, மாத்திரை எதுக்கு?" என்கிறார்கள். படிக்காதவங்க என்று சிரிக்காதீங்க. பெரிய எழுத்தை நம்பினாங்க, அவ்வளவுதான். நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே செய்கிறது. எந்த எண்ணெய் வாங்கினாலும் அது நிற்காது.

இன்னொன்று. ரேஷன் பாமாயிலிலும் கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். தேங்காய் எண்ணெயில் இன்னும் அதிகம். இந்தக் கணக்கு பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் இருக்கும். அதையல்லவா முன்பக்கம் தமிழில் பெரிதாகப் போட வேண்டும்?

வீட்டில் காலி பாக்கெட் இருந்தால் கழுவி எடுத்துட்டு வாங்க. பின்பக்கக் கணக்கைப் பெரிதாக எழுதி அடுத்த சுவரேட்டில் ஒட்டலாம். பெரியம்மாவை மறுபடி டாக்டரிடம் போகச் சொல்லி அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.


9-ஆம் வகுப்பு மாணவி